எல்லாவற்றுக்கும் ஒரே மேடு

காங்கேயத்துக்குத் தெற்கே, தேங்காய்க் களங்களுக்கும் கரிச் சூளைகளுக்கும் நடுவில், யாரோ உள்ளங்கையால் தடவிவிட்ட மாதிரித் தட்டையாகக் கிடக்கிற ஊத்தாம்பாளையத்தில், ஒரு கொடிக்கம்பமும் சில கழுதைகளும் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நின்றறியாத சந்தைத் திடலில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஒரு மேடு இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறி, தண்ணீர் டேங்க் உயரத்துக்குப் போய், உச்சியில் சற்று வளைந்து, பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் சாவகாசமாக இறங்கி, ஏறத் தொடங்கிய இடத்தைவிடவும் கீழே போய் நின்றது. செம்மண் மேடு, மேலே புல்கூட முளைத்திருந்தது. முதல் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள், பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.

மேட்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் அன்று காலை ஊரில் ஒரு வீட்டிலும் இட்லி வேகவில்லை. அடுப்பு எரிந்தது, தண்ணீர் கொதித்தது, ஆவியும் வந்தது, ஆனால் தட்டில் ஊற்றிய மாவு எத்தனை நேரம் போனாலும் சூடான மாவாகவே இருந்தது. கல்லில் உடைத்து ஊற்றிய முட்டை உடைத்தபடியே கிடந்து பளபளத்தது. அரிசி உலைத் தண்ணீரில் மேலும் கீழும் ஊர்வலம் போயிற்றே தவிர விரலில் நசுங்கவில்லை. டீ மட்டும் வழக்கம்போல வந்தது. தூளிலிருந்து சாயம் இறங்குகிறது, அவ்வளவுதான், அங்கே ஒன்று இன்னொன்றாக மாறுகிற சோலியே இல்லை என்று பிற்பாடு ஒருத்தி விளக்கிச் சொன்னாள். டீக்கடைக்காரரோ அது தன் கைராசி என்றே இன்றுவரை சொல்லித் திரிகிறார்.

பாவாத்தாள் பொறுத்துப் பார்க்கிற ரகமில்லை. வேகாத இட்லியை ஆதாரத்தோடு கொண்டுபோய்க் காட்டி, பொறுப்பில் இருக்கிற யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். கொதிக்கிற இட்லிப் பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவர் சரோஜினியைப் பார்க்கப் புறப்பட்டாள். குறுக்கு வழி சந்தைத் திடல், திடலில் மேடு, சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் அவள் பரம்பரையிலேயே கிடையாது. ஏறினாள், மூச்சு வாங்க ஏறினாள், இதை இங்கே கொண்டுவந்து கொட்டியவன் குடும்பத்தை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே ஏறினாள், உச்சியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், இறங்கினாள். ஆபீஸ் வாசலில் பானையை டொம்மென்று வைத்து, "பாருங்க தலைவரே, இந்த அநியாயத்தை" என்று மூடியைத் திறந்தாள். உள்ளே இட்லிகள் பொங்கிப் பூத்து உட்கார்ந்திருந்தன.

தலைவர் சரோஜினி ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "என்ன அநியாயமுங்க? நல்லாத்தானே இருக்குது. சட்னி கொண்டாரலியா?"

மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எதை வேகவைக்க வேண்டுமோ அதைச் சுடச்சுட மேட்டின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினால் போதும். ஆறின பானையைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களுக்குப் பாதி மேட்டில் பானை ஆட்டுக்கல் கனம் கனத்தது; கொதிக்கிற பானையோ கைக்கு முன்னால் தானே ஏறிற்று. அதனால் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஓட வேண்டியிருந்தது, ஓடினார்கள். சோற்றுப் பானையோடு ஓடினார்கள், குழம்புச் சட்டியோடு ஓடினார்கள், பேக்கரிக்காரர் பன் தட்டைத் தலையில் வைத்து ஓடினார், கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள் பிரியாணி அண்டாவை மூங்கிலில் கட்டி, "ஐலசா" போட்டுக்கொண்டே ஏற்றினார்கள், அண்டாவுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் பசியோடு ஏறினார்கள், இறங்கும்போது எல்லோருக்கும் வாசனை முன்னால் போயிற்று. இரண்டு நாளில் மேட்டில் படி வெட்டியாயிற்று. மூன்றாம் நாள் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று தலைவர் கயிறு கட்டினார். உச்சியில் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். அவருக்குப் படைக்கிற கொழுக்கட்டையைப் பாதி வெந்த நிலையில் படைப்பதா, இறங்கி வெந்த பிறகு மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து படைப்பதா என்று பூசாரிக்கும் பக்தர்களுக்கும் ஒரு வாரம் தகராறு நடந்தது. டீக்கடைக்காரர் இறக்கத்தில் ஒரு கிளை திறந்தார். ஆச்சரியப்பட வேண்டியதை ஊத்தாம்பாளையத்தார் முதல் நாளே பட்டு முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வரிசையில் முந்துகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

ஆச்சரியம் தீராதவள் ஒருத்திதான் இருந்தாள். பாவாத்தாளின் ஒரே மகள் கோகிலவாணி, முப்பத்தெட்டு வயது, குழந்தைசாமி முதலாளியின் கரிக் கம்பெனியில் வேலை. தேங்காய்த் தொட்டியை, அதாவது மற்ற சீமைக்காரர்கள் கொட்டாங்குச்சி என்று சொல்வதை, சுழலும் இரும்பு உலையில் போட்டுக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்குகிற கம்பெனி அது. ஆனால் அவள் உலைப் பக்கம் போவதில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எந்தச் சூட்டில் எது எவ்வளவு வேகத்தில் எதுவாக மாறும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. உலகத்தில் எதுவும் சும்மா மாறிவிடுவதில்லை, மாறுவதற்கு முன்னால் ஒரு மேட்டை ஏற வேண்டியிருக்கிறது, சூடு என்பது அதை ஏறுவதற்குக் கொடுக்கிற தெம்பு. மேடு உயரமானால் மாற்றம் மெதுவாக நடக்கும், தாழ்வானால் சட்டென்று நடக்கும். பாடப் புத்தகத்தில் அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். கோகிலவாணி மேடு என்றே சொல்லுவாள். ஒரு தொட்டிக்குள்ளேயே பலவிதச் சரக்கு இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு என்று அவள் கணக்கில் மேடுகள் வரிசையாகப் போகும். அதிலும் ஏறுகிற பக்கம் மட்டும்தான் அவளுக்குக் கணக்கு. கரி திரும்பத் தொட்டியாவதில்லை. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேடு எவ்வளவு உயரம் என்று அவள் ஒருநாளும் போட்டதில்லை, போடவேண்டிய தேவையும் வந்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் முதலாளி குழந்தைசாமி அவள் மேசைக்கு வந்து நின்றார். "ஏம்மிணி, கரி வாங்கறவரு நாளைக்கு வர்றாரு. இத்தனை மேட்டைக் காட்டினா மனுசன் பயந்து ஓடிருவாரு. எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணாச் சொல்லு." அவள் துறையில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற தப்புத்தான் அது. எல்லா மேட்டையும் போட்டுப் பிசைந்து ஒரே மேடாக்கினாள், பட்டனைத் தட்டினாள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செங்குத்தாகவும் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் சாவகாசமாகவும், அதாவது இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சாவகாசமாகவும், திரையில் ஒரு கோடு வந்தது, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் திடலில் அதே கோடு மண்ணாக நின்றது.

உடனே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் மேடுகளைப் பழையபடி பிரித்துப் போட்டுப் பார்த்தாள். திடலில் ஒரு கூழாங்கல்லும் அசையவில்லை. அன்று சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தாள்: "அம்மா, அது நான் போட்ட மேடு."

பாவாத்தாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "வெளிய சொல்லிக்காதே கண்ணு. இப்பவே வரன் அமைய மாட்டீங்குது."

வரன் அமையாததற்கு மேடு காரணமில்லை, சென்னியப்பன் காரணம். உலை ஆபரேட்டர் சென்னியப்பன், நாற்பது தாண்டியவன், கல்யாணமாகாதவன். அப்படிப்பட்ட மாப்பிள்ளைகள் அந்தச் சீமையில் தென்னை மரத்துக்குச் சமமாக இருக்கிறார்கள். தினமும் ஷிப்ட் முடிந்ததும் உலைச் சூட்டைச் சொல்வதற்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பான். உலைச் சூடு கம்பி வழியாக அவள் திரைக்கு நேராக வந்துவிடுகிறது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "மேடங்க..." என்பான். "சொல்லுங்க" என்பாள். அவன் வாய் திறக்கும், மூடும், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்வான். "உலை நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். இப்படி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்துவிட்டு அவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவனுக்கு மேடு உயரம், மெதுவாகத்தான் நடக்கும் என்று தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். ஏறவேண்டியவன் அவன், தான் அல்ல என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இதற்கிடையில் கம்பெனி படுத்துவிட்டது. வாங்குகிறவர் வந்தார், உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வந்த தொட்டி ஆறியதும் மறுபடி தொட்டியாகவே சிரிப்பதைப் பார்த்தார், ஒரு டீ குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். சென்னியப்பன் இரும்புச் சட்டிகளில் கங்குத் தொட்டியை அள்ளி ஆட்களை வைத்து மேடேற்றிப் பார்த்தான். கரி வந்தது, ஊரிலுள்ள இஸ்திரிப் பெட்டிகளுக்குத்தான் காணும். முதலாளி பஞ்சாயத்துக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டம் திடலிலேயே, மேட்டின் நிழலில் நடந்தது.

"பொக்லைன் கொண்டாந்து வழிச்சு எறிஞ்சர்லாமுங்க" என்றார் குழந்தைசாமி. மூட்டுவலிக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வாரத்துக்குள் ஊரில் மூட்டுவலி இல்லாதவர்களே இல்லை.

கோகிலவாணி எழுந்து நின்றாள். "இந்த மேடு சோத்தை வேக விடாமப் புடிச்சு வெச்சிருக்குதுன்னு மட்டும் பாக்கறீங்க. இதே மேடுதான் நம்மளையும் புடிச்சு வெச்சிருக்குதுங்க. இந்தப் பெஞ்சு, நம்ம சீலை, வேட்டி, தலைமுடி, தோலு, அத்தனையும் காத்துல எரியற சரக்குத்தான். எரியாம இருக்கறதுக்கு ஒரே காரணம், முன்னால ஒரு மேடு நிக்குது. ஊருக்கே இப்ப இருக்கறது இந்த ஒரு மேடு. அதை வழிச்சுட்டா அடுப்பு வேண்டாம், வாஸ்தவந்தான். ஆளும் மிஞ்ச மாட்டோம்."

முன்வரிசைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அதெல்லாஞ் செரி அம்மிணி, முட்டிக்கு என்ன பண்றதுன்னு சொல்லு" என்றது. கூட்டம் சிரித்தது. "படிச்சவங்க எல்லாத்துக்குமே பயப்படுவாங்க" என்றார் முதலாளி, பெருந்தன்மையாக.

உண்மையைச் சொல்லவேண்டும், அவள் இன்னும் சத்தமாகப் பேசியிருக்கலாம். பேசத்தான் வாயெடுத்தாள். அந்நேரம் பார்த்துக் கூட்டத்தின் ஓரத்தில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சென்னியப்பன் நிற்பது கண்ணில் பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மேடு என்றால் அவனுக்கும் இதே மேடுதானே, இது கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் தாழ்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவள் குரல் தானாக இறங்கிவிட்டது, உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையாரை மரியாதையாகக் கொடிக்கம்பத்தடிக்கு மாற்றுவது என்றும் புதன்கிழமை மேட்டை வழிப்பது என்றும் தீர்மானம் நிறைவேறிற்று.

புதன்கிழமை காலை பொக்லைன் வந்தது, உச்சியில் முதல் வாளியை அள்ளிற்று. அள்ளிய மண்ணை, கம்பெனி வாசலில் பள்ளம் தூர்க்க ஆகுமே என்று முதலாளி திடலின் ஓரத்திலேயே குவிக்கச் சொன்னார். கஞ்சத்தனம் ஒரு ஊரைக் காப்பாற்றிய கதை இது ஒன்றுதான் இருக்கும். மேட்டின் தலை போனதும் ஊரில் சோறு வீட்டிலேயே வெந்தது. பெண்கள் வாசலுக்கு வந்து கை தட்டினார்கள். தோள் போனதும் அடுப்பைப் பற்றவைத்த கையோடு சோறு வெந்தது, இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். இடுப்புக்கு வந்தபோது அடுப்பே வேண்டியிருக்கவில்லை. வெயிலில் வைத்த அரிசி வெந்தது, கூடையில் இருந்த முட்டை கூடையிலேயே வெந்தது, அடைகாத்த கோழி எழுந்து நின்று கீழே குனிந்து பார்த்தது. ஆட்டிய மாவு கையைக் கழுவுவதற்குள் புளித்தது, லாரியில் ஏற்றிய வாழைக்காய் லாரி கிளம்புமுன் பழுத்து அழுகிற்று, சுவரில் கட்சிக் கொடிகளின் சாயம் வெளுத்து எல்லாக் கட்சியும் ஒரே நிறமாயிற்று.

அப்புறம் மனிதர்கள். வரப்புத் தகராறில் இருபது வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி காலை டீக்கு அடித்துக்கொண்டார்கள், மறு டீக்குக் கட்டிக்கொண்டு அழுதார்கள், மூன்றாம் டீக்குத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். நாற்பது தாண்டிய மாப்பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கேட்டார்கள், நின்றபடியே பதிலும் வந்தது. ஜாதகக் கட்டோடு வந்த தரகர், நிச்சயமாகிவிட்ட ஜோடிகளுக்கு நடுவில் வழி கேட்டு நகர்ந்து போனார். பொக்லைன் ஓட்டி வந்தவர்கூட வண்டியை ஓடவிட்டபடியே இறங்கிப் போய்ப் பூக்காரியிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, அவளையும் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி மண்ணள்ள உட்கார்ந்தார்.

கோகிலவாணி கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் வந்தான். வழக்கமான இடத்தில் நின்றான். ஆனால் "மேடங்க" என்றுகூடச் சொல்லவில்லை; துண்டின் முனையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, கண் சிவக்க, நெற்றி நரம்பு புடைக்க நின்றான். ஊரே கொட்டித் தீர்க்கிற நேரத்தில் இந்த மனுசனுக்கு மட்டும் இன்னும் போதவில்லையா? அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்குமே அன்று மேடு இல்லை. இன்னும் இரண்டு வாளி, என்று நினைத்தாள். இன்னும் இரண்டே வாளி அள்ளட்டும், சொல்லிவிடுவான். திடலில் பொக்லைன் உறுமுகிற சத்தம் கேட்டது. ஒன்று. மறுபடி உறுமிற்று. அப்போது புகை வாசனை வந்தது.

உலையிலிருந்து வரவில்லை. உலை அணைந்து கிடந்தது. முற்றத்தில், நிழலில், தொட்டால் சில்லென்றிருக்கும் தொட்டிக் குவியலின் நடுவிலிருந்து நூலாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது. கோகிலவாணி தன் துப்பட்டாவைப் பார்த்தாள். ஓரம், இஸ்திரி பட்ட மாதிரி, பழுப்பேறிக்கொண்டு வந்தது. தான் எதற்காகப் பேசாமல் உட்கார்ந்தோம் என்று அப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. எழுந்து ஓடினாள். ஓடுகிற வழியெல்லாம் கூரைகள் புகைய ஆரம்பித்திருந்தன, டீக்கடை வாசலில் ஒருவர் பையிலிருந்த பீடி தானாகப் பற்றி அவர் குதித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் துண்டைக் கடித்தபடி சென்னியப்பன் ஓடிவந்தான்.

திடலில் மேடு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. முதலாளியும் தலைவரும் மேட்டுப் பிரச்சினையை முதலில் தீர்த்தது யார் என்பதில் சண்டை முற்றி, தலைவர் முதலாளியின் சட்டையையும் முதலாளி தலைவரின் முந்தானையையும் பிடித்திருந்தார்கள். கோகிலவாணி ஓடிப்போய் மிச்ச மேட்டின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பொக்லைன் வாளி அவள் தலைக்கு மேல் வந்து ஆடிற்று. சென்னியப்பன் வண்டியில் தாவி ஏறினான், சாவியைத் திருப்பிப் பிடுங்கினான், துண்டைத் துப்பிவிட்டு, வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வருமுன் சாவியை அந்த இடத்தில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

"சாவி எங்கடா?" என்று கத்தினார் முதலாளி.

"ம்ம்" என்றான் சென்னியப்பன்.

"எல்லாரும் வேட்டி நுனியைப் பாருங்க!" என்று அலறினாள் கோகிலவாணி. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பழுப்பேறியிருந்தது. அதற்கப்புறம் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குவித்த மண்ணைத் திரும்ப மேட்டில் கொட்டச் சொல்லித் தலைவர் கூவினார், ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாவாத்தாள் வந்தாள்.

"மறுபடியும் முதல்லருந்தா? தெனமும் இட்லிப் பானையைத் தூக்கிக்கிட்டு நானா ஏறுவேன்? ஏண்டி, என்ற வீட்டு இட்லிக்கும் அவிய கம்பெனித் தொட்டிக்கும் ஒரே மேடுன்னு எந்த மடச்சி போட்டா?"

போட்ட மடச்சி மேட்டின் மேல் உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்தாள். மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. மேடு இருந்ததும் தப்பில்லை, மேடு உயர்ந்ததும் தப்பில்லை. எல்லாவற்றையும் பிசைந்து ஒன்றாக்கியதுதான் தப்பு, அதைக் கம்ப்யூட்டரில் பிரித்தால் போதாது, மண்ணில் பிரிக்கவேண்டும்.

"கொட்டாதீங்க! ஆளுக்கு ஆள் பங்கு போட்டுக்குங்க. அவங்கவங்க மேட்டை அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க!"

சம்மதிப்பதற்கும் மேடில்லாத நேரம் அது. ஊர் அந்த நிமிஷமே சம்மதித்தது. முதல் கூடைகளைச் சென்னியப்பன் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் புகைகிற தொட்டிக் குவியலின் மேல் கொட்டினான். மண் தொட்டிக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று, புகை நின்றது. அதைப் பார்த்த பிறகு ஊரில் கூடை, சட்டி, அண்டா, ஹெல்மெட் எதுவும் வீட்டில் தங்கவில்லை. கோகிலவாணி பஞ்சாயத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு மனக்கணக்காகவே சொல்லச் சொல்ல, வரிசை நகர்ந்தது. "கூரைக்கும் வைக்கப்போருக்கும் முதல்ல! தலைமுடிக்கு ஆளுக்கொரு சட்டி, அதுல கஞ்சத்தனம் வேண்டாம். தீப்பெட்டிக்குச் சிட்டிகை போதும். முட்டைக்கு ஒரு கை, அரிசிக்கு ஒண்ணரைக் கை. பாலுக்கு அரைக் கை, அதுக்கு மேல போட்டா தயிர் தோயாது, அப்புறம் என்னையத் திட்டாதீங்க."

"கோவத்துக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டார் தலைவர் சரோஜினி, கிழிந்த முந்தானையைச் செருகிக்கொண்டு. கோகிலவாணிக்கு அது தெரியவில்லை. அவள் படித்த படிப்பில் அது இல்லை. "அவங்கவங்களுக்கே அளவு தெரியுமுங்க" என்றாள். தலைவர் இரண்டு கூடை மண்ணை முதலாளி வீட்டுக்கு அனுப்பினார். முதலாளி, அதே நேரத்தில், இரண்டு கூடையைத் தலைவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மருமகள்கள் மாமியாருக்கென்று வாங்கினார்கள், மாமியார்கள் மருமகளுக்கென்று வாங்கினார்கள், பொக்லைன்காரரும் பூக்காரியும் ஆளுக்கொரு பிடி எடுத்து, யோசித்து, கீழே போட்டுவிட்டு, இன்னும் சம்மதம்தானா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சம்மதம்தான் என்று தெரிந்தது. எல்லா ஜோடிக்கும் அப்படித் தெரியவில்லை. தரகருக்கு மறுபடி வேலை கிடைத்தது. இத்தனை களேபரத்தில் கத்தரிக்காய்க்கு மண் வாங்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊத்தாம்பாளையத்தில் இன்றைக்கும் கத்தரிக்காய் அடுப்பைப் பார்த்தவுடனே வெந்துவிடும்.

பொழுது சாய்ந்தபோது திடல் பழையபடி தட்டையாகிவிட்டது. கழுதைகள் திரும்பி வந்தன. எல்லோரும் போனபிறகு ஒரே ஒரு கூடை மண் மிச்சமிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றான், வாயில் இன்னும் சாவி.

"இது ஆரோடதுங்க?" என்றாள் கோகிலவாணி. "எல்லாத்துக்கும் குடுத்தாச்சே."

அவன் கூடையைத் தூக்கினான். அவளுக்கும் தனக்கும் நடுவில் அதைக் கவிழ்த்தான். முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு விழுந்தது. மற்ற மண்ணெல்லாம் இறங்கிக் காணாமல் போன மாதிரி இது போகவில்லை, நின்றது. அவன் வாயிலிருந்து சாவியை எடுத்து, சட்டையில் துடைத்து, பையில் போட்டான்.

"இன்னிக்கு ஊருல ஒரு வாயும் சும்மா இல்லீங்க. எனக்கும் வந்துருச்சு, பல்லு வரைக்கும் வந்துருச்சு. ஆனா மேடில்லாத நேரத்துல சொல்லிப்போட்டா, நாளைக்கு நீங்க யோசிப்பீங்க, இவன் சொன்னானா, நேரம் சொல்ல வெச்சுதான்னு. ஆயுசு பூரா யோசிப்பீங்க. அதுக்குத்தான் கடிச்சுட்டு நின்னேன். இப்ப மேடு இருக்குது. இப்பச் சொல்றனுங்க."

இன்னும் இரண்டு வாளி என்று அவள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேடங்க..." என்றான்.

"சொல்லுங்க."

அவன் வாய் திறந்தது. மூடிற்று. துண்டைத் தேடினான், அது பொக்லைனுக்கு அடியில் எங்கோ கிடந்தது, புறங்கையால் கழுத்தைத் துடைத்தான். மறுபடி திறந்தது. "உலை..." என்றான், அழுதுவிடுவான் போல. "உலை நல்லா ஓடுதுங்க."

உலை அணைந்து அரை நாளாகிவிட்டது.

அவள் மேட்டைப் பார்த்தாள். அவன் நிற்கிற பக்கத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தான் நிற்கிற பக்கத்திலிருந்து எவ்வளவு என்று ஒருநாளும் போட்டதில்லை. இந்தப் பக்கமும் ஒரு பக்கம்தானே, இங்கிருந்தும் ஏறலாமே என்பது ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றினாள். முழங்கால் உயரம்தான், ஆனால் காலை வைத்ததும் கால் ஆட்டுக்கல் கனம் கனத்தது, ஊர் பார்க்கிறதா என்று பயம் வந்தது, இந்தப் பக்கம் ஒன்றும் தாழ்வில்லை என்பது ஏறும்போதுதான் தெரிந்தது. மண் சரிந்தது. விழப்போனாள். அவன் கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினாள்.

"உலை கெடக்குது போங்க" என்றாள். "என்னையக் கட்டிக்கறீங்களா?"

"கட்டிக்கறனுங்க" என்றான் சென்னியப்பன். அதை அவன் சட்டென்று சொல்லிவிட்டான். பின்னால் மண் சத்தமில்லாமல் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட..." என்று அவள் ஆரம்பித்தபோது, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த பாவாத்தாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "நாளைக்கு எதுக்கு? இப்பவே கூட்டிட்டு வா, மாவு இருக்குது!"

அன்றைக்குப் பாவாத்தாள் வீட்டில் இட்லி வேக எப்போதும் ஆகிற நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பானையிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாருக்கும் அவசரமில்லை.